நீச்சல் தடாகத் தண்ணியைப் பரிசோதனைக்கு எடுக்கிறது எப்பிடி? ரிப்போட்டில குளோரின் பூச்சியம் எண்டு வருது

கனகராயன்:

வணக்கம் எல்லாருக்கும். மாங்குளப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதித் தடாகம். 18 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீற்றர்; கிட்டத்தட்ட 2 இலட்சம் லீற்றர். குழாய்க்கிணத்துத் தண்ணி, மணல் பில்ரர், குளோரினுக்கு 65 வீதக் கல்சியம் ஹைப்போகுளோரைட் குருணி.

பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஆய்வுகூட ரிப்போட் கேட்டதால போன மாதம் அரை லீற்றர் மினரல் வோட்டர் போத்தல் ஒண்டைக் கழுவி, ஏணிக்குப் பக்கத்தில அள்ளி, யாழ்ப்பாணம் போற பஸ்ஸில குடுத்து விட்டது. காலமை 10 மணிக்கு டி.பி.டி கிட்டில (நிறத்தை வைச்சுக் குளோரின் பாக்கிற பெட்டி) சுயாதீனக் குளோரின், அதாவது இன்னும் செலவழியாமல் கிருமி கொல்ல மிஞ்சியிருக்கிறது, லீற்றருக்கு 2 மில்லிகிராம் காட்டினது. ரிப்போட்டில குளோரின் "கண்டறியப்படவில்லை". மலம் கலந்ததைக் காட்டிற பற்றீரியா ஈ.கோலையும் இல்லை, அது சேர்ந்த கூட்டமான மொத்தக் கோலிபோமும் இல்லை.

குளோரின் எங்க போச்சு? குளோரினே இல்லாத தண்ணியில பற்றீரியாவும் இல்லையெண்டா அதை நம்பலாமோ? அடுத்த முறை எங்க, எப்ப, எதில எடுக்கோணும்? தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்கோ.

பாலைநிழல்:

ரெண்டு முடிவுக்கும் காரணம் போத்தல்தான், தம்பி.

தண்ணியைப் போத்தலுக்க அடைச்ச உடன குளோரின் வேலையை நிப்பாட்டாது. உள்ள இருக்கிற அழுக்கோட, வியர்வை எண்ணெயோட, பற்றீரியாவோட சேர்ந்து செலவழிஞ்சு கொண்டே போகும். தெளிஞ்ச பிளாஸ்ரிக் போத்தலில வெயிலும் பட்டா இன்னும் கெதியாய்ப் போகும். அப்ப ஆய்வுகூடத்தில குளோரின் பூச்சியம் எண்டு வந்தது சரிதான். அது பின்னேரம் போத்தலுக்க இருந்த தண்ணி, காலமை தடாகத்தில இருந்த தண்ணியில்லை. பற்றீரியாவும் அப்பிடித்தான். தடாகத்தில உயிரோட இருந்ததைப் பஸ் பாதையில குளோரின் கொண்டு போட்டிருக்கலாம். உங்கட "இல்லை"யை நான் நம்பமாட்டன்.

ஆனபடியா ஒரு போத்தலை வைச்சு எல்லாம் பாக்க ஏலாது. குளோரின், பீ.எச் (அமில–கார அளவு), வெப்பநிலை மூண்டும் தடாகக் கரையில நிண்டு பாக்கிறது. அதை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிறதில பிரயோசனமில்லை. பற்றீரியாவுக்கு எடுக்கிற போத்தலுக்க எடுத்த கணமே குளோரினைச் சாகடிக்கோணும். அதுக்குத்தான் சோடியம் தயோசல்பேற்று. கடினத்தன்மை, காரத்தன்மை, மொத்தக் கரைதிண்மம், சயனூரிக் அமிலம் (வெயிலில குளோரின் அழியாமல் காக்கிறது) பாக்கிறதெண்டா அது தனி இரசாயனப் போத்தல், அதுக்குத் தயோசல்பேற்றும் வேண்டாம், கிருமி நீக்கினதும் வேண்டாம்.

பற்றீரியாப் போத்தலை ஆய்வுகூடத்திலயே கேட்டு எடுங்கோ. குடிதண்ணிக்குக் குடுக்கிற வெறும் போத்தலையும் தந்து விடுவினம், அதால "குளோரின் போட்ட தடாகத் தண்ணி" எண்டு வாய்விட்டுச் சொல்லோணும். சரியான போத்தலைச் சரிச்சுப் பாத்தா அடியில மெல்லிய வெள்ளைப் பொருக்கு, இல்லாட்டி ஒரு சின்ன வில்லை, இல்லாட்டி ரெண்டு மூண்டு துளி கிடக்கும். அதை ஊத்தெண்டு நினைச்சுக் கழுவிறதுதான் நடக்கிற முதல் பிழை. கழுவினா மருந்து போச்சு.

எடுக்கிற இடம்: ஏணியடி வேண்டாம். தண்ணி உள்ள வாற குழாய்வாய்க்கு முன்னாலயும் வேண்டாம். அதில குளோரின் புதுசா, கூடுதலா இருக்கும். தண்ணிச் சுத்து மந்தமா இருக்கிற இடத்தைப் பாருங்கோ. சோளகம் அடிக்கிற நேரம் இலையும் தூசும் எந்த மூலையில ஒதுங்குதோ, எந்தச் சுவர்ப் பக்கம் முதல்ல பாசி வழுக்குதோ, அதுதான் தடாகத்தின்ர ஆகப் பலவீனமான இடம். உங்கட அளவுத் தடாகத்துக்கு ரெண்டு இடம் எடுங்கோ: ஆழம் குறைஞ்ச பக்கம் ஒண்டு, ஆழமான பக்கம் ஒண்டு. சின்னப் பிள்ளையளின்ர தடாகம் வேறயா இருந்தா அது தனிப் போத்தல். ஒண்டோட ஒண்டைக் கலந்து "சராசரி" எடுக்காதேங்கோ.

நேரம்: ஆக்கள் குளிச்சுக் கொண்டிருக்கிற நேரம். விடியக் காலமை ஒருத்தரும் இறங்காத கண்ணாடித் தண்ணியை எடுத்தா ரிப்போட் வடிவா வரும், ஆனா அதில ஒருத்தரும் குளிக்கிறதில்லையே. தடாகத்துக்குக் குளோரின் போட்ட கையோடயும் எடுக்கக் கூடாது. 200 கனமீற்றருக்கு மணித்தியாலத்துக்கு 35 கனமீற்றர் பம்ப் எண்டா முழுத் தண்ணியும் ஒரு சுத்து வர 6 மணித்தியாலம் கிட்டப் பிடிக்கும். அந்தளவுக்காவது பிந்தி எடுங்கோ.

கை வேலை: சவர்க்காரம் போட்டு முழங்கை மட்டும் கழுவி, காயவிட்டு, பவுடர் இல்லாத கையுறை. மூடியைத் திறந்து கீழ வைக்காமல், உள்பக்கம் நிலத்தைப் பாக்கிற மாதிரி இடக்கையிலயே பிடிச்சிருக்கோணும். போத்தலை அடிப்பக்கம் பிடிச்சு, வாய் கீழ பாக்கத் தலைகீழா முழங்கையளவு, ஒரு 20–30 சென்ரிமீற்றர், இறக்குங்கோ. அப்பிடி இறக்கினா மேல மிதக்கிற எண்ணெய்ப் படையும் குப்பையும் உள்ள போகாது. ஆழத்துக்குப் போனாப் பிறகு வாயைத் திருப்பி, கையில இருந்து அங்கால தள்ளிற மாதிரி ஒரே இழுவையில முன்னுக்குக் கொண்டு போங்கோ. கையில பட்ட தண்ணி பின்னுக்குப் போகும், புதுத் தண்ணி வாய்க்க வரும். முன்னும் பின்னும் ஆட்டினா உங்கட கையைத்தான் பரிசோதிக்கிறியள். நிரம்பி வழிய விடாமல் வெளியால எடுத்து, மேல ஒரு 2.5 சென்ரிமீற்றர் காத்து இடம் விட்டு மூடி, அஞ்சாறு தரம் கவிட்டு நிமித்துங்கோ. குலுக்க இடம் வேணும், அதுக்குத்தான் காத்து.

இரசாயனப் போத்தலுக்கு இதெல்லாம் மறுதலை: தடாகத் தண்ணியாலயே மூண்டு தரம் அலசி, காத்துக் குமிழி இல்லாமல் விளிம்பு மட்டும் நிரப்போணும். புது 1 லீற்றர் மினரல் வோட்டர் போத்தல் அதுக்குப் போதும்.

முறிகண்டிக் கச்சான்:

பாலைநிழல் அண்ணை சொன்னதில கொண்டு போற கதை இல்லை. இஞ்ச வன்னியில முக்கால்வாசிப் பிழை றோட்டிலதான் நடக்குது.

பற்றீரியாப் போத்தல் 6 மணித்தியாலத்துக்க ஆய்வுகூட மேசையில இருந்தா நல்லம். 24 மணித்தியாலம் தாண்டினா எறிஞ்சு போட்டுப் புதுசா எடுங்கோ. அதுவரைக்கும் 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில, இருட்டில. உறையவும் கூடாது, உறைஞ்சாக் கலங்கள் வெடிச்சு எண்ணிக்கை குறையும்.

பஸ்ஸில குடுத்து விடுறது தப்பில்லை, பெட்டிதான் பிழைக்கிறது. கொண்டக்டர் இடமில்லாமல் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில வைப்பார். இல்லாட்டி முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில பஸ் நிக்கிற நேரம் ஆக்கள் இறங்கித் தேங்காய் உடைச்சுக் கச்சான் வாங்கி வருமட்டும் பெட்டி கண்ணாடியோரம் வெயில் காயும். பேப்பர் பையில சுத்தின போத்தல் எண்டா அரை மணித்தியாலத்தில கைச்சூட்டுக்கு வந்திடும். 

ரெஜிபோம் பெட்டி வாங்குங்கோ, ஆனா மீன்காரரிட்ட இருக்கிற பழசு வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அந்தப் பொள்ளலுகளுக்க மீன் தண்ணி ஊறியிருக்கும். புதுப் பெட்டி, 10 லீற்றர் அளவு. ஐஸ்கட்டி உடைச்சுப் போடாமல், அரை லீற்றர்ப் போத்தலில முக்காவாசி தண்ணி விட்டு (நிரப்பினா உறையேக்க வெடிக்கும்) நாலு போத்தல் உறைய வையுங்கோ. வெறும் ஐஸ் உருகினா மாதிரிப் போத்தலின்ர கழுத்து மட்டும் தண்ணியில மூழ்கும், மூடி இடுக்கால அந்தத் தண்ணி உள்ள போகும். நடுவில ஒரு படை பத்திரிகைக் கடதாசி, அதுக்கு மேல பிளாஸ்ரிக் பையில கட்டின மாதிரிப் போத்தல். அதோட சாதாரணத் தண்ணி விட்ட ஒரு போத்தலும் வையுங்கோ. ஆய்வுகூடத்தில பெட்டியைத் திறக்கேக்க அதுக்க வெப்பமானியை விட்டுப் பாக்கலாம், மாதிரியைத் தொடத் தேவையில்லை.

லேபல் பென்சிலால, இல்லாட்டி அழியாத மார்க்கரால. போல்பொயின்ரால எழுதினா ஈரத்தில கரைஞ்சு "ஆழப் பக்கம்", "பிள்ளையள் பக்கம்" எது எது எண்டு தெரியாமல் போகும். மூடியில எழுதாதேங்கோ, மூடி மாறும். போத்தல் உடம்பில எழுதுங்கோ.

ஏ34:

கரையில பாக்கிற பரிசோதனையைப் பற்றி நான் சொல்லுறன். கிட் கையில இருந்தாப் போல சரி வராது.

முதல் கேள்வி: உங்கட கிட் உண்மையில டி.பி.டி தானோ? கடையில மலிவா விக்கிற, மஞ்சள் நிறம் காட்டிற சொட்டு மருந்து ஓ.ரி.ஓ. அது மொத்தக் குளோரினைக் காட்டும், சுயாதீனக் குளோரினைப் பிரிச்சுக் காட்டாது. டி.பி.டி இளஞ்சிவப்புக் காட்டும்.

10 மில்லிலீற்றர்க் குழாயைத் தடாகத் தண்ணியால அலசி, நிரப்பி, வெளியைத் துணியால துடையுங்கோ. கைரேகையும் ஈரமும் நிறத்தைக் கூட்டிக் காட்டும். 1ஆம் இலக்க வில்லையை விரலால தொடாமல் உறையில இருந்தே தள்ளி, கோலால நசிச்சுக் கரைச்சு, ஒரு நிமிசத்துக்க வாசியுங்கோ. அது சுயாதீனக் குளோரின். அதே குழாய்க்கே 3ஆம் இலக்க வில்லை போட்டு 2 நிமிசம் பொறுத்து வாசிச்சா மொத்தக் குளோரின். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சேர்ந்த குளோரின் (வியர்வை, அழுக்கோட சேர்ந்து போனது), கண் எரியப் பண்ணுறதும் அந்த "குளோரின் மணமும்" அதால வாறது. மணம் கூடினா குளோரின் கூடிப் போச்செண்டு சனம் நினைக்கும், பெரும்பாலும் அது போதாமல் போனதின்ர அடையாளம்.

முடிஞ்சாப் பிறகு குழாயை நல்லா அலசுங்கோ. 3ஆம் வில்லையில இருக்கிற அயடைட்டு ஒரு சொட்டு மிஞ்சினாலும் அடுத்த முறை சுயாதீனக் குளோரின் பொய்யாக் கூடிக் காட்டும். மூடியையும் கோலையும் மறக்காதேங்கோ.

இன்னொரு பொறி. குளோரின் 10 மில்லிகிராமுக்கு மேல போனா டி.பி.டியின்ர நிறத்தையே அது வெளிற வைக்கும். வில்லை விழுந்த கணம் ஒரு சிவப்பு மின்னி மறையும், பிறகு வெறும் தண்ணி மாதிரித் தெளிஞ்சு நிக்கும். "குளோரின் இல்லை" எண்டு இன்னும் ரெண்டு கோப்பை குருணியைக் கொட்டிறவை இருக்கினம். சந்தேகமெண்டா 2 மில்லிலீற்றர் தடாகத் தண்ணிக்கு 8 மில்லிலீற்றர் காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்து பாத்து, வாசிப்பை 5ஆல பெருக்குங்கோ. பெற்றோல் செற்றில விக்கிற பற்றரித் தண்ணி இதுக்குக் காணும் (பற்றரி அசிட் இல்லை, லேபலைப் பாத்து வாங்குங்கோ). குழாய்த் தண்ணியோ பவுசர்த் தண்ணியோ கலக்காதேங்கோ, அதிலயே குளோரின் இருக்கலாம்.

பீ.எச்சுக்குப் பினோல் ரெட் எண்ட நிறங்காட்டி. 6.8இல இருந்து 8.2 வரைக்கும்தான் அது பேசும். அதுக்கு மேல எவ்வளவு கூடினாலும் அதே கடும் சிவப்பு. குளோரின் எக்கச்சக்கம் எண்டா ஊதா நிறம் வரும், அந்த வாசிப்பை எழுதாதேங்கோ.

கனகராயன்:

நன்றி அண்ணையவை. கிட் டி.பி.டி தான், ஆனா 3ஆம் இலக்க வில்லை முடிஞ்சு எவ்வளவோ காலம். ரெண்டு சந்தேகம். ஆய்வுகூடத்தில மருந்து போட்ட போத்தல் கையிருப்பில்லை எண்டா, நானே ஒரு ஜாம் போத்தலை அவிச்சு எடுத்துத் தயோசல்பேற்றுப் போடலாமோ? மற்றது, தடாகத்துக்குத் தண்ணி விட்டுக் குளோரின் போட்டவுடன தேத்தண்ணி நிறம் வருது, ரெண்டு நாளில தெளியுது. அதையும் இந்தப் பரிசோதனையில பாக்கலாமோ?

பாலைநிழல்:

அவிக்கிறது போதாது. கொதிதண்ணியில சில வித்துக்கள் தப்பும், அதை விட மூடியின்ர இறப்பர் வளையத்துக்க ஜாம் மிச்சம் ஒளிச்சிருக்கும். வேற வழியே இல்லையெண்டா, அகல வாய்க் கண்ணாடிப் போத்தல், உலோக மூடி, சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் பிடிக்கிற பிரசர் குக்கர். அந்த அமுக்கத்தில 121 பாகை வரும், 15 நிமிசம். மூடியை இறுக்காமல் கால் சுத்துத் தளர்த்தி வையுங்கோ, இல்லாட்டி போத்தல் வெடிக்கும். ஆறினாப் பிறகு இறுக்கி, மூடிக்கு மேல அலுமினியத் தாள். மினரல் வோட்டர்ப் போத்தலை இப்பிடிச் செய்தா சுருண்டு போகும்.

தயோசல்பேற்றுக் கணக்கு: பளிங்கு 10 கிராம், காய்ச்சி வடிச்ச தண்ணியில கரைச்சு 100 மில்லிலீற்றர் ஆக்கினா 10 வீதக் கரைசல். 120 மில்லிலீற்றர்ப் போத்தலுக்கு 0.1 மில்லிலீற்றர், கிட்டத்தட்ட ரெண்டு சொட்டு. அது லீற்றருக்கு 15 மில்லிகிராம் வரைக்கும் குளோரினைச் சரிக்கட்டும். 250க்கு நாலு சொட்டு. குக்கரில வைக்க முதலே விட்டிடுங்கோ, அதுவும் சேர்ந்து அவியும். ஒரு சொட்டுக் கூடினாப் பரவாயில்லை, கரண்டிக் கணக்கில அள்ளிப் போடாதேங்கோ.

ஒண்டு கவனம்: இந்தப் போத்தல் தண்ணியில பிறகு குளோரின் பாத்தா எப்பவும் பூச்சியம்தான். ஆய்வுகூடப் படிவத்தில "குளோரின்" எண்ட கட்டம் இருந்தா நீங்கள் கரையில எடுத்த வாசிப்பை எழுதி, "தளத்தில் அளந்தது" எண்டு போடுங்கோ. பி.எச்.ஐ அதைத்தான் பாப்பார்.

ஏ34:

தேத்தண்ணி நிறத்துக்கு நான் சொல்லுறன். அது இரும்பு. குழாய்க்கிணத்துக்குள்ள காத்துப் படாமல் கரைஞ்ச இரும்பு நிறமில்லாமல் வரும், குளோரின் பட்ட உடன துருவாகும். கறுப்புப் படிவு வந்தா மங்கனீசு. மங்கனீசு இருந்தா இன்னொரு வில்லங்கம்: குளோரின் பட்ட மங்கனீசு டி.பி.டியையும் சிவக்க வைக்கும், அப்ப உங்கட 2 மில்லிகிராமில எவ்வளவு உண்மைக் குளோரின் எண்டது கேள்வி.

அதைத் தடாகத் தண்ணியில தேடாதேங்கோ. பில்ரர் பிடிச்சிருக்கும், அடியில படிஞ்சிருக்கும். கிணத்து மோட்டர்க் குழாயில எடுங்கோ, தாங்கிக்குப் போக முதல். மோட்டரைப் போட்டு 5 நிமிசமாவது ஓட விட்டு, குழாயில தேங்கின துருத் தண்ணி போனாப் பிறகு. இரும்புக்கு ஆய்வுகூடம் நைத்திரிக்கமிலம் விட்ட தனிப் போத்தல் தரும், அதையும் அலசக் கூடாது, கையில ஊத்தக் கூடாது. அமிலம் இல்லாத போத்தலில எடுத்தா இரும்பு போற வழியில போத்தல் சுவரில ஒட்டி, ரிப்போட்டில குறைஞ்சு வரும்.

அதே கிணத்துத் தண்ணியில கடினத்தன்மையும் காரத்தன்மையும் ஒருக்கால் பாத்து வையுங்கோ. கல்சியம் ஹைப்போகுளோரைட் பீ.எச்சையும் ஏத்தும், கல்சியத்தையும் கூட்டும். ஏற்கனவே கடினமான தண்ணியெண்டா ஓட்டில வெள்ளைப் பொருக்கும் கலங்கலும் வாறது அதாலதான்.

பாலைநிழல்:

என்னென்ன பாக்கச் சொல்லிக் கேக்கிறதெண்டதையும் எழுதிவிடுறன், இல்லாட்டி குடிதண்ணிப் பட்டியலிலயே பாத்துத் தந்து விடுவினம். ஈ.கோலை, மொத்த உயிருள்ள பற்றீரியா எண்ணிக்கை, அதோட சூடோமோனாஸ் எருஜினோசா. மூண்டாவதைக் கட்டாயம் வாய்விட்டுக் கேளுங்கோ. ஈ.கோலை குளோரினுக்குக் கெதியாச் சாகிற சாதி. சூடோமோனாஸ் பில்ரர் மணலுக்கயும் குழாய்ச் சுவரில படியிற வழுவழுப்புக்கயும் குடியிருந்து, காது நோவும் தோல் தடிப்பும் கொண்டு வாற சாதி. உலக சுகாதார நிறுவனத்தின்ர 2006ஆம் ஆண்டு வழிகாட்டலில ஈ.கோலையும் சூடோமோனாசும் 100 மில்லிலீற்றருக்கு 1இலும் குறைவா இருக்கோணும், மொத்த எண்ணிக்கை ஒரு மில்லிலீற்றருக்கு 200இலும் குறைவா இருக்கோணும். பீ.எச் 7.2க்கும் 7.8க்கும் இடையில.

ஈ.கோலை இல்லை, ஆனா மொத்த எண்ணிக்கை 200ஐத் தாண்டுது எண்டா முதல்ல பில்ரரைப் பாருங்கோ, பின்கழுவல் (தண்ணியை மறுபக்கமா விட்டு மணலைக் கழுவிறது) ஒழுங்கா நடக்குதோ எண்டு. சூடோமோனாஸ் ஒரு இடத்தில மட்டும் வந்தா, அந்த மூலையில சுத்து இல்லை. ரெண்டு இடத்திலயும் வந்தாக் குழாய்த்தொகுதி. அதுக்குத்தான் கலக்காமல் தனித்தனிப் போத்தல் கேட்டது.

கனகராயன்:

விளங்கிச்சு. வெள்ளிக்கிழமை பின்னேரம் 4 மணிக்குத்தான் குளிக்க ஆக்கள் கூட. அப்ப எடுத்து இரவு பிரிஜ்ஜில வைச்சு, சனி காலமை முதல் பஸ்ஸில விடுறன்.

முறிகண்டிக் கச்சான்:

வெள்ளி வேண்டாம். சனி ஞாயிறு ஆய்வுகூடம் பூட்டு, பெட்டி வாசலில காவலாளியிட்டக் கிடக்கும். வளர்த்து எண்ணவே 24இல இருந்து 48 மணித்தியாலம் வேணும், அதால கிழமை முன்பாதியில வாறதைத்தான் அவையும் விரும்புவினம். திங்கள் இல்லாட்டி செவ்வாய், பள்ளிக்கூடப் பிள்ளையள் நீந்த வாற நாள் ஒண்டைப் பாத்து 11 மணி போல எடுத்து, அண்டைக்கே பின்னேரம் 3 மணிக்கு முதல் கொண்டே குடுங்கோ. முதல் நாள் போன் பண்ணி "நாளைக்கு நாலு போத்தல் வருது" எண்டு சொல்லுங்கோ. கலண்டரில போயா (பூரணை விடுமுறை) நாளோ எண்டும் ஒருக்கால் பாருங்கோ.